அப்பாவின் வாளிக்கு வராத சுடுதண்ணி

இன்று விடிய 4.25க்கு அப்பாவின் குளியலறையில் சுடுதண்ணிக் குழாயைத் திறந்து, வாளி நிரம்பியதும் தெர்மோமீற்றரை விட்டுப் பார்த்தேன். 55 பாகை. நேற்றும் 55, முந்தாநாள் 54. மூன்று நாள் தொடர்ந்து பார்த்த பிறகுதான் இதை எழுத உட்காருகிறேன். மார்கழி தொடங்கியதிலிருந்து இந்த ஒரு குழாயோடு பட்ட பாட்டில், "சரிவந்திட்டுது" என்று மூன்று தரம் வீட்டில் சொல்லி, மூன்று தரமும் பிழைத்துப்போனது.

வீட்டின் அமைப்பைச் சொல்லாவிட்டால் ஒன்றும் விளங்காது. வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவே ஓர் ஒழுங்கையில் இரண்டு மாடி வீடு. மொட்டைமாடியில் இரும்புக் கால்களின் மேல் 1000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி. அதற்குக் கீழே, தளத்தோடு, 200 லீற்றர் சோலார் ஹீற்றர்: 58 மில்லிமீற்றர் விட்டமுள்ள இரட்டைச் சுவர்க் கண்ணாடிக் குழாய்கள் 20, அவற்றின் தலையில் படுத்திருக்கும் உருளைத் தாங்கி. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்று, பிறகு கட்டணமும் ஏறிய காலத்தில் பூட்டியது. மேல் தாங்கியிலிருந்து பச்சைத்தண்ணி தன்பாட்டில் ஹீற்றருக்குள் இறங்கும். கண்ணாடிக்குள் சூடானது தன்பாட்டில் உருளைக்கு ஏறும். அங்கிருந்து முக்கால் அங்குல சுடுதண்ணிப் பைப் முதலில் மேல்மாடிக் குளியலறை, பிறகு குசினி, கடைசியாக கீழே அப்பாவின் குளியலறை என்று இறங்குகிறது.

ஹீற்றருக்கு மோட்டர் கிடையாது. பச்சைத்தண்ணிக்கு உண்டு. மேல்மாடி ஷவரில் தண்ணி நூலாக வருகிறது என்று 2023இல் மேல் தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய பிரஷர் பம்ப் வைத்தோம். அதாவது சுடுதண்ணி வெறும் உயரத்தின் பலத்தில் வருகிறது, பச்சைத்தண்ணி பம்பின் பலத்தில் வருகிறது. நோய் முழுக்க இந்த ஒரு வசனத்துக்குள் இருந்தது. அன்று எனக்கு அது தெரியவில்லை.

அப்பாவுக்கு 79 வயது, இரண்டு முழங்காலிலும் வாதம். மார்கழியில் விடியற்காலைப் பூசைக்கு மயூராபதி அம்மன் கோயிலுக்குப் போவார், குளிக்காமல் போகமாட்டார். அவருடைய குளியலறையில் ஷவர் இல்லை. சுவரில் இரண்டு தனித்தனிக் குழாய்கள், கீழே வாளி, பேணி. அவருக்கு அதுதான் வசதி. கொழும்பில் மார்கழி விடியல் 22, 23 பாகை. எங்களுக்கு அது குளிர் இல்லை, அவருடைய முழங்காலுக்குக் குளிர். "தம்பி, இண்டைக்கும் பச்சைத்தண்ணிதான் வந்தது" என்று தலையைத் துவட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். குறையாகச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு குத்தியிருக்காது.

முதலில் வெயிலைத்தான் சந்தேகப்பட்டேன். நாலைந்து நாள் மூட்டமாக இருந்தது. கடற்காற்றில் கண்ணாடிக் குழாய்களில் உப்பும் புழுதியும் படிந்திருந்தன. ஒரு ஞாயிறு விடிய, வெயில் விழ முன்பு, சவர்க்காரத் தண்ணியில் துணியை நனைத்துத் துடைத்தேன். அதோடு ஹீற்றருக்குள் இருக்கிற 1.5 கிலோவாற் மின்கம்பியை இரவு 9 மணிக்குப் போட்டு 11க்கு நிறுத்தினேன். மூன்று அலகு மின்சாரம். விடிய அப்பாவின் வாளியில் கையை வைத்தால் பச்சைத்தண்ணியை விட ஒரு பொட்டுத்தான் வித்தியாசம். 200 லீற்றரை 28 பாகையிலிருந்து 60க்குக் கொண்டுவர ஏழரை அலகு வேண்டும், அது சரி. ஆனால் மூன்று அலகுக்கு 12, 13 பாகையாவது ஏறியிருக்க வேண்டாமா? அந்தச் சூடு எங்கே போனது என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். "மின்கம்பி பழுதாக்கும்" என்று நினைத்துவிட்டேன்.

கையால் தொட்டுப் பார்த்து மதிப்பிடுவதை நிறுத்த வேண்டும் என்று கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றித் துப்பாக்கியை எடுத்தேன். அது மனித உடம்புக்கு மட்டும் செய்தது. 43 பாகைக்கு மேலே எதைக் காட்டினாலும் "ஹை" என்று மட்டும் சொல்லியது. வெள்ளவத்தையிலேயே ஒரு கடையில் குசினித் தெர்மோமீற்றர், ஊசி முனை உள்ளது, 1,450 ரூபாவுக்குக் கிடைத்தது. இந்த முழு வேலையிலும் மிகவும் உழைத்த காசு அந்த 1,450 ரூபாதான்.

மாலை 5 மணிக்கு மேல்மாடிக் குழாயில் 62 பாகை. குசினியில் 60. ஏழு மணிக்கு மகள் குளித்தாள், நன்றாகச் சுடுகிறது என்றாள். ஆக, வெயில் சரி, ஹீற்றர் சரி, அப்பாவின் கிளை மட்டும் பிழை என்று முடிவுகட்டினேன். முடிவு பிழை. ஆனால் அந்த முடிவை நம்பி அடுத்த இரண்டு கிழமை ஓடினேன்.

பைப் வேலை செய்கிற பாஸ் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் முதலில் பைப்புக்குள் கல் பிடித்திருக்கும் என்றார். யாழ்ப்பாணத்து வீட்டில் என்றால் நானும் நம்பியிருப்பேன். அங்கே சுண்ணாம்புக் கிணற்றுத் தண்ணி கேத்தலின் அடியில் வெள்ளை ஓடு கட்டும். எங்களுக்கு வருவது களனி ஆற்றுத் தண்ணி, அம்பத்தலையில் சுத்திகரித்தது. கேத்தலை நாலு வருடமாகச் சுரண்டியதே இல்லை. கேத்தலைக் கொண்டுவந்து காட்டினேன். அப்படியென்றால் காற்று அடைத்திருக்கும் என்றார்.

காற்று என்றதும் நானும் தலையாட்டினேன். அதற்கு முதல் நாள்தான் லண்டனில் இருக்கிற அண்ணாவோடு கதைத்திருந்தேன். அங்கே மார்கழி என்றால் வீட்டுக்கு வீடு ரேடியேற்றர்ப் பிரச்சினை. பொயிலரில் சூடாகிற தண்ணி பைப் வழியாக ஒவ்வோர் அறைக்கும் போய், சுவரோடு நிற்கிற இரும்புப் பலகைக்குள் சுற்றித் திரும்பிவரும். அவர் சொன்னது: "ஒரு ரேடியேற்றர் மேல்பக்கம் குளிர்ந்து கீழ்ப்பக்கம் சுட்டால் காத்து. சின்னச் சாவி இருக்கு, மேல் மூலையில குடுத்துக் கால் சுத்துச் சுத்தினால் 'உஸ்' எண்டு போகும், தண்ணி வந்ததும் பூட்டிப்போட்டு பொயிலரில பிரஷர் இறங்கியிருந்தால் திரும்ப ஏத்த வேணும். கீழ்நடு குளிர்ந்து மேல் சுட்டால் அடியில கறுப்புச் சேறு. முழுக்கக் குளிர், மற்ற அறையெல்லாம் சூடு எண்டால் வால்வுக்குள்ள இருக்கிற ஊசி இறுகியிருக்கும், மேல்மூடியைக் கழட்டி மெல்லத் தட்டினால் எழும்பும்." கையால் தடவி, எந்த இடம் சூடு, எந்த இடம் குளிர் என்று பார்ப்பதே பாதி வேலை என்றார். நான் அதில் காற்று என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

பாஸும் நானும் தோட்டத்துப் பச்சைத்தண்ணிக் குழாயில் ஹோஸ் ஒன்றைப் பூட்டி, மறுமுனையை அப்பாவின் சுடுதண்ணிக் குழாயில் இறுக்கி, இரண்டையும் திறந்தோம். பம்ப் தள்ளியது. சுடுதண்ணிப் பைப்புக்குள் தண்ணி தலைகீழாக ஏறியது. மொட்டைமாடியில் ஹீற்றரின் காற்றுக் குழாய் (உள்ளே இருக்கிற காற்று வெளியேற வாய் திறந்து நிற்கிற குழாய்) இரண்டு தரம் கொப்பளித்தது. பாஸுக்கு 3,500 ரூபா கொடுத்தேன். பின்னேரம் 3 மணிக்கு அப்பாவின் குழாயில் 58 பாகை! சரிவந்திட்டுது என்று சொன்ன முதல் தரம் இது. மறுநாள் விடிய 30.

அன்று நாங்கள் ஹோஸ் பிடித்துச் செய்ததையே வீடு ஒவ்வோர் இரவும் தானாகச் செய்துகொண்டிருந்தது என்பதை இப்போது நினைத்தால் வயிறு எரிகிறது.

பிறகு பைப்புக்குக் கவசம். வெளிச்சுவரில் இறங்குகிற பைப்பில் இரவில் சூடு போகிறது என்று நினைத்து, கறுப்பு ரப்பர் நுரைக் குழல் ஆறு நீளம், ஒன்று 650 ரூபாவாக 3,900 ரூபாவுக்கு வாங்கி, நீளவாட்டில் வெட்டிப் பைப்பில் மாட்டி, இணைப்புகளுக்கு நாடா சுற்றினேன். ஒரு சனிக்கிழமை முழுக்கப் போனது. விடிய 30 பாகை. அதே 30. கவசத்தால் வந்த ஒரே நன்மை, பகலில் குசினியில் சுடுதண்ணி வந்துசேர எடுக்கும் நேரம் 50 செக்கனிலிருந்து 40 ஆகக் குறைந்தது.

அந்த ஞாயிறு இரவு குறிப்புக் கொப்பியைப் புரட்டினேன். நான் எடுத்த அளவு எல்லாம் பகல் 3 மணி, மாலை 5 மணி, இரவு 7 மணி. அப்பாவின் முறைப்பாடு விடிய 4.30. ஒரு நாள்கூட அந்த நேரத்தில் நான் ஹீற்றரடிக்குப் போகவில்லை. மேல்மாடிக்காரர் ஒருவரும் விடியற்காலையில் சுடுதண்ணி திறப்பதில்லை. "மேலே சூடு, கீழே குளிர்" என்று நான் நினைத்தது உண்மையில் "மாலையில் சூடு, விடியலில் குளிர்."

திங்கள் விடிய 4.10க்கு டோர்ச்சோடு மொட்டைமாடிக்கு ஏறினேன். கடைசிப் படியிலேயே சத்தம் கேட்டது. டிக். பம்ப் ஐந்து செக்கன் உறுமி நின்றது. மௌனம். கடலின் இரைச்சல் மட்டும். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். 55 செக்கனில் மறுபடி டிக், உறுமல், மௌனம். வீட்டில் எல்லோரும் நித்திரை, ஒரு குழாயும் திறந்திருக்கவில்லை. பம்ப் யாருக்குத் தண்ணி கொடுக்கிறது?

டோர்ச்சை வாயில் கவ்விக்கொண்டு பைப்புகளைத் தடவினேன். ஹீற்றரிலிருந்து வெளியேறுகிற சுடுதண்ணிப் பைப்பில் கவசத்தை விலக்கிக் கையை வைத்தேன்: குளிர். மேல் தாங்கியிலிருந்து ஹீற்றருக்கு இறங்குகிற பச்சைத்தண்ணிப் பைப்பில் வைத்தேன்: வெதுவெதுப்பு. ஒரு கணம் இரண்டையும் மாறிப் பிடித்துவிட்டேனோ என்று நினைத்து டோர்ச் அடித்துப் பார்த்தேன். மாறவில்லை. ஏணியில் ஏறி மேல் தாங்கியின் மூடியைத் திறந்து ஊசியை விட்டேன். 35 பாகை. பச்சைத்தண்ணித் தாங்கியில் 35! ஹீற்றரின் சுடுதண்ணி 30.

அண்ணா அன்று இன்னொன்றும் சொல்லியிருந்தார். கோடையில் அறைச் சூடேற்றலை நிறுத்தி, குளிக்கும் தண்ணிக்கு மட்டும் பொயிலர் ஓடும்போதும், சில பழைய வீடுகளில் மேல்மாடி ரேடியேற்றர் ஒன்று சுடுமாம். தண்ணி போகக்கூடாத பைப்பால் தலைகீழாகப் போவதால் வருவது, ஒருவழி வால்வ் ஒன்று இருந்தால் நிற்கும் என்றார். அப்போது காதில் விழுந்தது. மொட்டைமாடியில் நின்றபோதுதான் மண்டைக்குள் ஏறியது. எங்கள் வீட்டில் தண்ணி வட்டம் போடுகிறது. மேல் தாங்கியிலிருந்து பம்ப் இழுத்து, பச்சைத்தண்ணிப் பைப்பால் தள்ளி, எங்கோ ஓரிடத்தில் சுடுதண்ணிப் பைப்புக்குள் புகுந்து, தலைகீழாக ஹீற்றருக்கு ஏறி, உள்ளே இருந்த சுடுதண்ணியைப் பச்சைத்தண்ணி வழியால் மேல் தாங்கிக்குத் தள்ளிவிடுகிறது. ஒரு சொட்டுத் தண்ணி வீணாகவில்லை, ஆகவே தண்ணிக் கட்டணத்திலும் தெரியவில்லை. நான் இரவில் மின்கம்பியைப் போட்டுச் சூடாக்கியது மேல் தாங்கியைத்தான்.

ஹீற்றரின் பச்சைத்தண்ணி வாயிலில் ஒருவழி வால்வ் வைத்திருந்தால் அந்தத் தண்ணி மேல் தாங்கிக்குப் போக வழியில்லாமல் காற்றுக் குழாயால் மொட்டைமாடியில் கொட்டியிருக்கும், முதல் கிழமையே கண்டுபிடித்திருப்பேன். பூட்டியவர்கள் வைக்கவில்லை.

உறுதிப்படுத்த ஹீற்றரின் சுடுதண்ணி வாயிலில் இருக்கிற கேற் வால்வைப் பூட்டினேன். கடற்காற்றில் இறுகி இருந்தது, துணி சுற்றித் திருப்ப வேண்டியிருந்தது. பூட்டியதும் பம்ப் ஓய்ந்தது. ஐந்து நிமிடம் நின்றேன், ஒரு டிக் இல்லை. திறந்தேன், மறுபடி டிக். இந்தச் சோதனைக்குச் செலவு ஒரு சதமும் இல்லை. இதை முதல் நாளே செய்திருந்தால் 3,500உம் 3,900உம் மிஞ்சியிருக்கும்.

எங்கே புகுகிறது என்று கண்டுபிடிப்பது சுலபமாகிவிட்டது. சுடுதண்ணியும் பச்சைத்தண்ணியும் ஒன்றோடொன்று தொடுகிற இடம், இரண்டையும் கலந்து விடுகிற மிக்ஸர் குழாய், வீட்டில் இரண்டே இரண்டு: குசினி மிக்ஸர், மேல்மாடி ஷவர் மிக்ஸர். குசினி மிக்ஸருக்குக் கீழே, அதற்குத் தண்ணி விடுகிற ஆங்கிள் வால்வ் இரண்டையும் பூட்டினேன், பம்ப் நிற்கவில்லை. மேலே போய் மகளைத் தட்டி எழுப்பி, குளியலறைக்குள் போனேன். ஷவர் மிக்ஸரில் இரண்டு திருகிகள். சுடுதண்ணித் திருகி முழுக்கத் திறந்திருந்தது, பச்சைத்தண்ணித் திருகி அரைவாசி கூட இல்லை, ஒரு கீற்றளவு. தண்ணி நின்றிருந்தது கைஷவரின் பிடியில் இருக்கிற பொத்தானால். தீபாவளிக்கு முன் பழைய கைஷவர் உடைந்து, பொத்தான் உள்ளதாகப் பார்த்து நானே வாங்கிவந்தேன். தலைக்குச் சவர்க்காரம் போடும் நேரம் பொத்தானை அமத்தினால் தண்ணி மிச்சம். மகளுக்கு அளந்து வைத்த சூடு மாறாமல் இருப்பது வசதி. குளித்து முடித்ததும் பொத்தானோடே விட்டுவிடுவாள். பொத்தான் வாயை அடைத்தால் மிக்ஸருக்குள் இரண்டு தண்ணியும் முகத்துக்கு முகம் நிற்கும். ஒரு பக்கம் பம்பின் தள்ளல், மறுபக்கம் மூன்று மூன்றரை மீற்றர் உயரத்தின் தள்ளல் மட்டும். எது வெல்லும்? அந்தக் கீற்று வழியால் நிமிடத்துக்கு அரை லீற்றர் போனால்கூட இரவு 7இலிருந்து விடிய 4.30 வரை 285 லீற்றர். ஹீற்றரில் இருப்பது 200.

இரண்டு திருகிகளையும் பூட்டினேன். டிக் நின்றது. "அப்பா, நான் பிழையா ஏதும் செய்தனானா?" என்று மகள் நித்திரைக் கண்ணோடு கேட்டாள். அவளில் ஒரு பிழையும் இல்லை. பூட்டின இடத்தில் தண்ணி நிற்கிறது என்றால் பூட்டியாயிற்று என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

மறுநாள் விடிய அப்பாவுக்கு 56 பாகை. இரண்டாவது "சரிவந்திட்டுது." ஆனால் வீட்டுக்கு வருகிறவர் எல்லோருக்கும் "திருகியைப் பூட்டுங்கோ" என்று சொல்லிக்கொண்டிருக்க முடியாது. பழக்கத்தை நம்பாமல் பித்தளையை நம்புவோம் என்று 101 பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், பழைய சோனகத் தெருவில் முக்கால் அங்குல ஒருவழி வால்வ் ஒன்று, ஸ்பிரிங் உள்ளது, 1,650 ரூபாவுக்கு வாங்கி, மொட்டைமாடியில் ஹீற்றர் வாயிலின் கேற் வால்வுக்கு அடுத்ததாகப் பூட்டினேன். இணைப்புச் சாமான்களுக்கு 1,200. அப்பாவின் 10 லீற்றர் வாளி நிரம்ப முன்பு 1 நிமிடம் 10 செக்கன். இப்போது 2 நிமிடம் 5 செக்கன். உயரத்தின் பலத்தில் வருகிற தண்ணிக்கு ஸ்பிரிங்கைத் தள்ளித் திறப்பதே பெரும்பாடு. மேல்மாடியில் இன்னும் மோசம், ஷவர் அழுதது.

திரும்பப் போய் கதவு மாதிரி ஆடுகிற தட்டு உள்ளது வாங்கினேன், 2,400. கடையில் வைத்தே ஒரு பக்கம் வாயால் ஊதிப் பார்த்தேன், காற்றுப் போனது. மறுபக்கம் ஊதினேன், உள்ளே தட்டு 'டக்' என்று அறைந்து நின்றது. நல்ல வால்வ். அதை வசதியாக இருக்கிறதென்று பைப் கீழ்நோக்கி இறங்குகிற இடத்தில் நிமிர்த்திப் பூட்டினேன். வால்வில் இருக்கிற அம்பு கீழ்நோக்கி, தண்ணி போகிற பக்கம், எல்லாம் சரி. இரவு வேண்டுமென்றே திருகிகளைத் திறந்து பொத்தானை அமத்தி வைத்தேன். விடிய 31 பாகை! வால்வைக் கழற்றி, நிமிர்த்திய மாதிரியே கையில் பிடித்துப் பார்த்தேன். தட்டு தன் பாரத்தில் தொங்கித் திறந்தே கிடந்தது. மெல்ல வருகிற தண்ணிக்கு அதைத் தூக்கி அடைக்கும் பலம் இல்லை. தட்டு வால்வ் படுக்கைப் பைப்பில் மூடி மேலே பார்க்கப் பூட்ட வேண்டும், நிமிர்ந்த பைப் என்றால் தண்ணி மேல்நோக்கிப் போகிற பைப்பாக இருக்க வேண்டும். படுக்கையாக இருந்த ஒன்றரை அடித் துண்டுக்குள் மாற்றினேன். அதே சோதனை: விடிய ஹீற்றரில் 58, அப்பாவின் வாளியில் 54, வாளி நிரம்ப 1 நிமிடம் 15 செக்கன். மூன்றாவது "சரிவந்திட்டுது."

பொங்கலுக்குத் தங்கச்சி குடும்பம் கண்டியிலிருந்து வந்தது. பொங்கலுக்கு மறுநாள் விடிய அப்பா: "தம்பி, இண்டைக்குத் தண்ணி நல்லா ஓடுது, ஆனால் பச்சைத்தண்ணி." ஓடிப்போய் வாளியை வைத்து மணிக்கூட்டைப் பார்த்தேன். 40 செக்கனில் நிரம்பியது. சுடுதண்ணிக் குழாய்க்கு அந்த வேகம் ஒருநாளும் வராது. வந்தது பம்ப் தண்ணி. மருமகன்மார் பச்சைத்தண்ணித் திருகியை முழுக்கத் திறந்து பொத்தானில் விட்டிருக்கிறார்கள். இப்போது கீற்று இல்லை, முழு ஓட்டம். மிக்ஸர் வழியால் சுடுதண்ணிப் பைப்புக்குள் புகுந்த பம்ப் தண்ணி, மேலே என்னுடைய வால்வை அறைந்து மூடிவிட்டு, வழி கிடைத்த பக்கம், அதாவது அப்பாவின் குழாய்க்கு இறங்கியது. ஹீற்றரில் 59 பாகைத் தண்ணி பத்திரமாக இருந்தது, இறங்கத்தான் முடியவில்லை. கள்ளன் வருகிற கதவை விட்டுவிட்டுப் பெட்டகத்துக்குப் பூட்டுப் போட்டிருக்கிறேன்.

வால்வ் இருக்கவேண்டிய இடம் மிக்ஸரின் வாயில். ரைல் உடைக்காமல் முடியுமா என்று இரண்டு நாள் யோசித்தேன். மிக்ஸர் சுவருக்கு வெளியே நிற்கிற வகை, சுவரிலிருந்து இரண்டு வளைந்த யூனியனில் (கழற்றிப் பூட்டக்கூடிய இணைப்பில்) தொங்குகிறது. அந்த யூனியனுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு அரை அங்குல நிப்பிளும் (இரண்டு முனையிலும் மரையுள்ள குட்டைப் பைப்), ஒரு அரை அங்குலத் தட்டு வால்வும் நுழைத்தால் மிக்ஸர் இரண்டரை அங்குலம் முன்னுக்கு வரும், அவ்வளவுதான். தேவை சுடுதண்ணிப் பக்கம் மட்டும். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே நீளம் வராவிட்டால் மிக்ஸர் கோணலாகும், ஆகவே இரண்டு வால்வ்: 3,500. நிப்பிள் இரண்டு 440. மரையில் சுற்றும் நாடா மூன்று சுருள் 270.

ஞாயிறு காலை கேற் வால்வையும் பம்ப் வாயிலையும் பூட்டிவிட்டுத் தொடங்கினேன். குரோம் நட்டுகளுக்குப் பழைய சாரத்துணி சுற்றி ஸ்பனர் போட்டால் கீறல் விழாது. பச்சைத்தண்ணிப் பக்க யூனியன் உடனே வந்தது. சுடுதண்ணிப் பக்கம் அசையவில்லை. இழுத்துத் திருப்பினால் சுவருக்குள் இருக்கிற பித்தளைக் காலும் சேர்ந்து திரும்பிவிடும், பிறகு ரைல் உடைப்பதைத் தவிர வழியில்லை. கொதிதண்ணியில் நனைத்த துணியைச் சுற்றி ஐந்து நிமிடம் விட்டு, முதலில் இறுக்குகிற பக்கம் மயிரளவு, பிறகு கழற்றுகிற பக்கம் மயிரளவு, இப்படி மாற்றி மாற்றி. எட்டாவது ஒன்பதாவது தரம் ஒரு கிறீச். உள்ளங்கை வியர்த்துப்போயிருந்தது. மரையில் பச்சைக் களிம்பு. பல் துலக்கும் பழைய பிரஷால் தேய்த்துத் துடைத்தேன்.

நாடா பத்துச் சுற்று போட்டேன், கசிந்தது. கழற்றிப் பதினைந்து சுற்று, மரை போகிற திசையிலேயே இறுக்கி இழுத்து. நின்றது. வால்வின் மூடி மேலே பார்க்க நிற்கவேண்டும் என்பதால் இறுக்கம் போதும் என்கிற இடத்தில் நிறுத்த முடியாது, மூடி உச்சிக்கு வருகிற இடத்தில்தான் நிறுத்த வேண்டும். அதற்காகவே நாடா இரண்டு சுற்று கூடக்குறையப் போட்டுப் பார்க்க வேண்டிவந்தது. மூன்றரை மணித்தியாலம். சுவருக்கும் மிக்ஸருக்கும் நடுவே இரண்டு பித்தளைக் குமிழ்கள் வெளியே தெரிகின்றன. மனைவிக்கு அது பிடிக்கவில்லை, நியாயம்தான்.

மொட்டைமாடி வால்வைக் கழற்றிவிட்டேன். இனி அது தேவையில்லை, அப்பாவுக்கு ஐந்து செக்கன் மிச்சம். பொத்தான் கைஷவரையும் மாற்றி, பொத்தானில்லாதது 1,150 ரூபாவுக்குப் போட்டேன். ஆனால் அதற்கு முன் பழைய கைஷவரோடே ஓர் இரவு, இரண்டு திருகிகளையும் முழுக்கத் திறந்து, பொத்தானை அமத்திவிட்டுப் படுத்தேன். விடிய பம்ப் மௌனம், மேல் தாங்கியில் 27 பாகை, அப்பாவின் வாளியில் 55.

மொத்தம் 19,460 ரூபா. அதில் உண்மையில் வேண்டியிருந்தது தெர்மோமீற்றர், இரண்டு அரை அங்குல வால்வ், நிப்பிள், நாடா, கைஷவர்: 6,810 ரூபா. பிரஷர் பம்ப் வைத்த அன்றே அந்த இரண்டு வால்வையும் போட்டிருக்க வேண்டும். சுடுதண்ணி உயரத்தாலும் பச்சைத்தண்ணி பம்பாலும் வருகிற வீடு கொழும்பில் எத்தனையோ இருக்கிறது; அப்படி ஒரு வீட்டில் பொத்தான் கைஷவரோ, குழாய் முனையில் அடைக்கிற எதுவோ வாங்குகிறீர்கள் என்றால் முதலில் மிக்ஸரைப் பாருங்கள். பம்ப் இரவில் தானாக ஓடுகிறதா என்று ஒரு நாள் விடிய எழும்பிக் கேளுங்கள். ஒருவழி வால்வை எங்கே போட்டாலும் ஹீற்றரின் காற்றுக் குழாயில் மட்டும் எதையும் பூட்டாதீர்கள், அது அடைந்தால் தாங்கி வெடிக்கக்கூடும்.

இப்போது எனக்கு வேறு கவலை. 55 பாகைத் தண்ணி வயதானவரின் தோலில் அரை நிமிடம் பட்டாலே சுட்டுப்போடும். அப்பாவின் சுடுதண்ணிக் குழாயில் சிவப்பு நாடா சுற்றியிருக்கிறேன். முதலில் பச்சைத்தண்ணி பாதி வாளி, பிறகு சுடுதண்ணி என்று இரண்டு நாளாகப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தேன். நேற்று நான் நிற்காமல் அவரே கலந்திருக்கிறார். குளித்துவிட்டு வந்ததும் வாளியில் மிச்சத்தை அளந்து பார்த்தேன், 39 பாகை. மொட்டைமாடிக் கேற் வால்வின் கழுத்தில் நிமிடத்துக்கு ஒரு சொட்டு கசிகிறது. அடுத்த போயா (பௌர்ணமி) லீவுக்கு அதைக் கழற்ற வேண்டும்.